கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோர் கவனத்திற்கு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

மத்ரஸாவில் ஓதிய ஓர் இமாம், ஆங்கில ஆசிரியர் வேலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு நம் மஹல்லாவிலிருந்து வளைகுடா சென்றவர்கள் பெரும்பாலும் கடைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைத்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் படித்த பிள்ளைகள் இன்று ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் பெண்பிள்ளைகளே மிகுதி. இவர்களைத் தேடித்தான் இப்போது ஏஜெண்டுகள் வருகிறார்கள். "வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, கை நிறையச் சம்பளம், மூன்று இலட்சம் கட்டினால் போதும்" என்கிறார்கள். இவ்வாண்டில் மட்டும் மூன்று குடும்பத்தார், நகையை அடகு வைக்கலாமா, வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டு வந்தனர். வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியும். அதை உடனே சொன்னேன். வேலையைப் பற்றிய விவரங்களை, அங்கே ஆசிரியர்களாகப் பணியாற்றித் திரும்பியவர்களிடமும் கல்லூரிப் பேராசிரியர்களிடமும் விசாரித்து அறிந்தேன். அவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

ஆங்கில ஆசிரியர் வேலை என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அங்கே அது மூன்று வேலை. பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களைத் தயார்படுத்தும் வகுப்புகளில் கற்பிப்பது ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் எடுப்பது இரண்டாவது. மாலை நேரப் பயிற்சி நிலையங்களில் பெரியவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பது மூன்றாவது. முதலாவதற்கு ஆங்கிலத்திலோ மொழியியலிலோ முதுகலைப் பட்டமும், அதன்மேல் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதற்குரிய சான்றிதழும் கேட்கிறார்கள். இரண்டாவதற்கு பி.எட். இல்லாமல் உள்ளே நுழைவது கடினம். மூன்றாவதில் விதிகள் தளர்வானவை, ஊதியமும் அப்படியே. ஏஜெண்டு எதற்கு அழைக்கிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் இதைக்கூடக் கேட்பதில்லை.

சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏமாற்று மிகுதியாக நடப்பது இங்கேதான். உலகெங்கும் மதிக்கப்படுவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்டா என்னும் சான்றிதழ். இலண்டனில் 1962ஆம் ஆண்டு இன்டர்நேஷனல் ஹவுஸ் நிறுவனத்தார் நடத்திய குறுகிய காலப் பயிற்சியே இதற்கு மூலம். இன்று முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம்தான். ஆனால் அதற்குள் 120 மணி நேரம் பயிற்றுநரோடு இருக்க வேண்டும். அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன் நின்று பாடம் நடத்த, பயிற்றுநர் பின்னால் அமர்ந்து மதிப்பெண் இடுவார். டிரினிட்டி கல்லூரி வழங்கும் சான்றிதழும் இதற்கு நிகரானது. அதிலும் அதே 6 மணி நேர வகுப்பு உண்டு. நம் நாட்டில் செல்டா படிக்கச் செலவு இலட்சம் ரூபாயைத் தாண்டும். பணம் கட்டியவரெல்லாம் தேறிவிடுவதும் இல்லை.

இந்த 120 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, கணினியிலேயே படித்துச் சில ஆயிரம் ரூபாயில் பெறும் '120 மணி நேரச் சான்றிதழ்'களை விற்கிறார்கள். அவற்றில் ஒரு நிமிடம்கூட மாணவர் முன் நிற்பதில்லை. மனனம் செய்யும் பிள்ளை உஸ்தாதின் முன் அமர்ந்து ஒரு ஜுஸ்உகூட ஓதிக்காட்டாமல் ஹாபிழ் பட்டம் கேட்டால் கொடுப்போமா? அறவே பயனில்லை என்று நான் சொல்லவில்லை. சிறு பயிற்சி நிலையங்களில் அது போதுமானதாக இருக்கலாம். பல்கலைக்கழக வேலைக்கு அதைக் காட்டினால் மனுவை ஓரத்தில் வைத்துவிடுவார்கள். பெரும் பணம் செலவிட இயலாதவர்கள் ஹைதராபாத்திலுள்ள ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரிக்கலாம். 1958இல் தொடங்கப்பட்டு, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. ஆங்கிலம் கற்பிக்கும் முறையையே தனிப் படிப்பாக வைத்திருக்கிறார்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று. வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கி, பெண்பிள்ளைகளைத் தொலைதூரக் கல்வியில் சேர்த்துவிடுகிறோம். அங்குள்ள பல நிறுவனங்கள் அஞ்சல்வழிப் பட்டத்தை ஆசிரியப் பணிக்கு ஏற்பதில்லை. சேர்க்கும் நாளிலேயே இதை நினைவில் கொள்ளுங்கள். பட்டம் முறையானதாக இருந்தாலும், மாநில அரசிலும் பின்னர் மத்திய வெளியுறவு அமைச்சகத்திலும் அதற்குச் சான்றொப்பம் பெற வேண்டும். அப்போஸ்டில் என்னும் உலக ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்தது. ஓமன் 2012இலும் சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் சேர்ந்துவிட்டதால் அவ்விரு நாடுகளுக்கும் அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் தேவை. "எம்பஸி செலவு" என்று சவூதிக்கும் பழைய கணக்கிலேயே பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி, மனத்தை வருத்தும் ஒரு செய்தி. தகுதி ஒன்றாக இருந்தும் கடவுச்சீட்டின் நிறத்தால் ஊதியம் வேறுபடுகிறது. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஏழு நாட்டவருக்கே உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தின் மூலம் நம்மவர்க்குத் துணை ஆசிரியர் என்ற சிறு வாசல் திறந்தது. அதற்கும் ஆசிரியப் பயிற்சித் தகுதி வேண்டும். சீனாவில் 2021 ஜூலையில் தனியார் பயிற்சி வகுப்புகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையவழியே சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் அத்தோடு நின்றது. வளைகுடாவில் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஆங்கிலேயருக்கு ஒரு தொகையும் நம்மவர்க்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ கிடைப்பது அங்கே வியப்பான செய்தி அன்று.

இது நியாயமா என்றால், இல்லை. ஆங்கிலம் கற்பிப்போரின் உலகச் சங்கமாகிய டீசல், 2006இலேயே இவ்வேறுபாட்டைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணத்தை ஆலிம்களாகிய எங்களால் ஏற்கவே இயலாது. அரபி இலக்கணத்தின் பேரிமாம் என்று உலகம் போற்றும் சீபவைஹி அரபியர் அல்லர், பாரசீகர். எங்களுக்கு நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்த உஸ்தாதுமார்கள் தமிழர்கள்தாம். மாணவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்பது, அதே இடத்தில் தானும் ஒருமுறை தடுக்கியவருக்கே நன்கு தெரியும். அரபியில் 'ப' என்னும் வல்லோசை இல்லாததால் அரபு மாணவர் 'பேப்பர்' என்பதை மெல்லோசையிட்டுச் சொல்வார். 'அவர் ஆசிரியர்' என்பதில் அரபியிலும் தமிழிலும் இடையில் வினைச்சொல் வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் வேண்டும். அங்கே அவர்கள் ஏன் தவறுகிறார்கள் என்பது அரபியும் அறிந்த நம் ஆலிமுக்கு உடனே விளங்கிவிடும். மத்ரஸாவில் ஓதிக்கொண்டே ஆங்கிலப் பட்டமும் பெறும் மாணவர்கள் இதைத் தங்கள் மனுவில் தயங்காமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நியாயம் ஒருபுறம் இருக்க, கையில் வருவது எவ்வளவு என்று கணக்கிடுவோம். சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. அங்கே தனிநபர் ஊதியத்திற்கு வருமான வரி இல்லை. எனவே சொல்லும் தொகை அப்படியே கைக்கு வரும் என்று நினைக்கிறோம். குடும்பத்தை அழைத்துச் சென்றால், உடனிருக்கும் ஒவ்வொருவருக்கும் 2020 ஜூலை முதல் மாதம் 400 ரியால் கட்டணம். மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் தனி. 6,000 ரியால் ஊதியத்தில் குடும்பத்தோடு வாழ்ந்து மிச்சம் பிடிப்பது எளிதன்று. தனியாக இருந்தால் இயலும்.

பணி முடிவில் கிடைக்கும் தொகையைப் பலர் கணக்கில் கொள்வதே இல்லை. சவூதிச் சட்டப்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியம்; அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாத ஊதியம். 6,000 ரியால் ஊதியத்தில் ஏழாண்டு பணியாற்றியவரை நிறுவனம் அனுப்பினால் 15,000உம் 12,000உம் சேர்த்து 27,000 ரியால் அவருடைய உரிமை. அவரே விலகினால் மூன்றில் இரண்டு பங்கு, 18,000. இரண்டாண்டு நிறையுமுன் தாமே விலகினால் ஒன்றுமில்லை. அமீரகத்தில் முறை வேறு. அங்கே அடிப்படை ஊதியத்தைக் கொண்டே கணக்கு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியம். மொத்தம் 6,000 திர்ஹம் என்று எழுதி, அடிப்படை 2,400 மட்டும் என்று பிரித்திருந்தால் ஆண்டுக்கு 1,680 திர்ஹம்தான் சேரும். அடிப்படை 4,000 என்றிருந்தால் 2,800. ஆகவே ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் அடிப்படை என்ற வரியைப் பாருங்கள். கோடை விடுமுறை இரண்டு மாதத்திற்கு ஊதியம் உண்டா, ஒப்பந்தம் பத்து மாதமா பன்னிரண்டு மாதமா என்பதையும் பாருங்கள்.

கணவரோடு ஏற்கெனவே அங்கு வாழும் சகோதரிகள் பலர் இந்தியப் பள்ளிகளில் ஆசிரியைகளாக உள்ளனர். கணவரின் விசாவில் இருப்பதால் நிர்வாகம் இவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. முறையான பணி அனுமதி இன்றி வகுப்பெடுத்தால், ஊதியம் நின்றபோது வழக்குத் தொடுப்பதும் கடினமாகிவிடும்.

இறுதியாக ஏஜெண்டு விவகாரம். இந்தியாவில் ஆளெடுத்து அனுப்புவோர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 'மூன்று இலட்சம்' என்பது சட்டத்தில் இல்லாத தொகை. சவூதிச் சட்டத்தில் விசா, இகாமா, பணி அனுமதிச் செலவுகள் முதலாளியின் பொறுப்பு. விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டு, அரசின் முயற்சியால் மீண்ட செய்தியை நாம் அனைவரும் படித்தோம். அவர்களும் படித்த பிள்ளைகள்தாம்.

ஏஜெண்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் என்னும் அரசு இணையதளத்தில் சில நிமிடத்தில் சரிபார்க்கலாம். அந்த எண்ணையும் ஒப்பந்த நகலையும் எடுத்துக்கொண்டு, பணம் கட்டுவதற்கு முன், சனிக்கிழமை இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். ஆங்கிலம் அறிந்த இரு பட்டதாரிச் சகோதரர்கள் வரிக்கு வரி படித்துப் பொருள் சொல்ல ஒப்புக்கொண்டுள்ளனர். பெண்கள் தந்தையுடனோ சகோதரருடனோ வரலாம்; வர இயலாதவர்கள் நகலை மட்டும் அனுப்பினாலும் போதும். வஸ்ஸலாம்.