நட்டத்திலும் பங்கு

நான் வகுப்பில் போட்ட இலாப நட்டக் கணக்குகள் எண்ணிலடங்கா. அவற்றுள் எதிலும் வாங்குபவர் நட்டப்பட்டதில்லை, நட்டமெல்லாம் விற்பவருக்கே. வாங்குபவரும் நட்டத்தில் பங்குகொள்ளும் கணக்கு ஒன்றை இன்று சொல்கிறேன்.

1986-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டெம்பிள்-வில்டன் சமுதாயப் பண்ணையும் உறுப்பினரின் முன்பணத்தைக்கொண்டு பயிரிடத் தொடங்கின. ஜப்பானில் இதனை ஒத்த ‘தெய்க்கெய்’ என்னும் ஏற்பாடு 1970-களிலேயே வேரூன்றியிருந்தது.

முறை எளிது. விதைப்பதற்கு முன்னரே குடும்பங்கள் பருவம் முழுமைக்கும் பணம் செலுத்திவிடுகின்றன. உழவரின் கை வறளும் காலம் அதுவே அன்றோ? பின்னர் வாரந்தோறும் ஒரு கூடைக் காய்கறி கிடைக்கும். கூடையில் இன்னது வேண்டும் என்று வீட்டார் சொல்ல இயலாது. நிலம் கொடுப்பதே கூடைக்கு வரும். இளவேனிலில் கீரைமேல் கீரையாக வரும். பிள்ளைகள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஆலங்கட்டி மழை தக்காளிச் செடிகளை அழித்துவிட்டால் அவ்வாண்டு தக்காளி இல்லை. அதற்காகப் பணம் திரும்புவதுமில்லை.

முன்கூட்டியே பணம் கொடுக்க இயலாத ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? நியாயமான கேள்வி. டெம்பிள்-வில்டனில் உழவர்கள் ஆண்டுச் செலவுத் திட்டத்தை உறுப்பினர் கூட்டத்தின்முன் வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைச் சொல்லிற்று. மொத்தம் குறைந்தால் மீண்டும் ஒரு சுற்றுக் கேட்டார்கள். கொடுத்ததில் கூடுதல் குறைவு உண்டு. காய்கறியை எடுத்துக்கொண்டதோ அவரவர் தேவைக்கேற்ப. இக்கணக்கை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.