நாரி நோவும் நிழற்படமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முள்ளந்தண்டைப் பற்றி இச்சபையில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். உடப்பு முதல் கற்பிட்டி வரை எமது கரையோரம் நாரியின் வலிமையால் வாழும் கரையோரம். கரைவலைக் கயிற்றை இழுப்பதும், உப்பு மூடை சுமப்பதும், தென்னையில் ஏறுவதும் அதன் துணைகொண்டே. யோக நூலார் இத்தண்டை மேருதண்டம் என்று போற்றினர்.

ஆயினும் நாரி நோவு வந்தால் எம்மவரிற் பலர் இரண்டிலொன்று செய்கின்றனர். எண்ணெய் பூசி மாதக்கணக்காய்ப் பொறுத்திருப்பது ஒன்று. கடன்பட்டேனும் உடனே ஸ்கான் எடுப்பது மற்றொன்று. யாருக்குப் படம் அவசரம், யாருக்கு அவசியமில்லை என்று அறிந்துகொண்டால் இவ்விரு துன்பங்களும் நீங்கும். அதுவே இன்று நாம் சொல்ல வந்த பொருள்.

முள்ளந்தண்டில் 33 முள்ளெலும்புகள் உள. கழுத்து முதல் நாரி வரையுள்ள 24 எலும்புகளும் தனித்தனியானவை. கீழேயுள்ளவை ஒன்றோடொன்று ஒட்டியவை. தனி எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் அமைந்துள்ளன. இவற்றையே மக்கள் டிஸ்க் என்கின்றனர். நடுவேயுள்ள குழாயில் மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கொண்டுசெல்லும் நரம்பு நாண் ஓடுகின்றது.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி ஜேர்மனியில் றொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அக்கதிர் எலும்பைக் காட்டும்; டிஸ்க்கையும் நரம்பையும் தெளிவாகக் காட்டாது. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. ஸ்கான் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம் பிடித்தது. பல திசைகளிலிருந்து எடுத்த கதிர் அளவுகளைக் கணக்கிட்டு உடலின் குறுக்குவெட்டைக் காட்டுவது அதன் முறை. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்பாருடன் சேர்ந்து அதே 1971இல் இத்தகைய கணக்கை விரைந்து செய்யும் வழியொன்றை வெளியிட்டார் என்பது எமக்குப் பெருமை தருவதாகும். எம்.ஆர்.ஐ. என்பது எக்ஸ் கதிரின்றி, வலிய காந்தத்தினால் படம் எடுப்பது. டிஸ்க்கையும் நரம்பையும் அதுவே நன்கு காட்டும். அதற்காக லோட்டர்பரும் மான்ஸ்பீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், உடலில் குண்டுச் சிதறலோ வேறு உலோகத் துண்டோ உள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும்.

இவ்வளவு நுட்பமான படம் நோயைத் தவறாது சொல்லிவிடும் என்று கருதுவோமாயின் ஏமாறுவோம். 1994இல் அமெரிக்க வைத்தியர்கள் நாரி நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்தனர். அவர்களுள் 36 சதவீதத்தினருக்கே எல்லாத் தட்டுகளும் பழுதின்றி இருந்தன; பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு தட்டாவது புடைத்திருந்தது. தலை நரைப்பது போலத் தட்டும் வயதோடு தேய்கின்றது. ஆகவே "டிஸ்க் விலகியிருக்கிறது" என்னும் அறிக்கையைக் கண்டு கலங்கித் தொழிலைக் கைவிட வேண்டியதில்லை. உடலைச் சோதித்த வைத்தியர் அப்படத்தையும் பார்த்துச் சொல்வதே முடிவு. பாரந் தூக்கியதால் வந்த சாதாரண நோவு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணியும். அதற்குப் படம் வேண்டியதில்லை. படுத்தே கிடக்கவும் வேண்டியதில்லை. இயன்றவரை நடமாடுவதே நன்று.

இனி, பொறுத்திருக்கக் கூடாத நோவுகளைக் கேளுங்கள். நாரி நோவுடன் சிறுநீர் கழியாது தடைப்படுதல் அல்லது அறியாமற் போதல், மலவாசலைச் சுற்றி உணர்ச்சி மரத்தல், கால்கள் வலுவிழத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நரம்புக் கொத்து நசுங்கினால் சத்திரசிகிச்சைக்குள்ள காலம் மணிக்கணக்கே. வெட்கத்தால் இதை மறைப்பவர் காலை இழக்கக்கூடும். புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகு நோவையும் வைத்தியரிடம் உடனே கூற வேண்டும்.

காய்ச்சலும் மெலிவும் இராவில் மிகும் முதுகு நோவும் சேர்ந்திருப்பின் முள்ளந்தண்டுக் காசநோயோ என்று பார்த்தல் வேண்டும். படத்தின் துணையோடு ஊசி செலுத்தித் துளி எடுத்துச் சோதித்து அதை உறுதிசெய்வர். 1970களில் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியில், நடக்க இயன்ற நிலையில் வந்த நோயாளருட் சிலருக்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும், ஏனையோருக்கு மருந்து மாத்திரமும் அளித்தனர். நடமாடிக்கொண்டே மருந்துண்டவர்களிலும் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்று பத்தாண்டு முடிவு 1999இல் வெளியாயிற்று. காலத்தோடு வந்தவருக்கு மருந்தே பெருந்துணை.

வாலிபர்களே, தென்னையிலிருந்து ஒருவர் விழுந்தால் எமது கடமை யாது? தலையையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றுவது அன்பால் விளையும் ஆபத்து. முறிந்த எலும்பு நரம்பு நாணை அப்போதே நசுக்கிவிடலாம். பின்னர் எடுக்கும் படம் அந்தச் சேதத்தைக் காட்டுமேயன்றி மாற்றாது. கழுத்தை அசையாது பிடித்துக்கொண்டு 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் ஆரம்பித்துப் பின்னர் நாடெங்கும் விரிந்த அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

கால் இழந்தாலும் வாழ்வு முடிவதில்லை. 1954இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நடையிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தவாறே வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் அங்கே புனர்வாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். எமக்கு அண்மையில், புத்தளம் புகையிரதப் பாதை பிரியும் றாகமையிலும் இத்தகையோருக்கான புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. அங்கிருந்து திரும்புவோரை மூலையில் முடக்காது, கோயில் வாசலுக்கும் வாசிகசாலைக்கும் சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவுப் பாதை அமைத்தல் எம்போன்ற சங்கங்களின் பணியாகட்டும்.

ஊரைத் தாங்குவோரின் முதுகை ஊர் தாங்குவதே தருமம்.