வழியுணவைக் கேட்கும் பாடல்



ஆண்டவருடைய திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவன்று எங்கள் பங்கில் திருவிருந்துக்குப்பின் பாடகர் குழு இலத்தீனில் ஒரு பாடலைப் பாடப்போகிறது: ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’. “புரியாத மொழியில் எதற்கு, ஃபாதர்?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே திருச்சபையில் வழங்கிவரும் பாடல். திருப்பலியில் எழுந்தேற்ற வேளையில் பாடியிருக்கிறார்கள். மரியாவிடம் பிறந்த உடல், சிலுவையில் பாடுபட்ட உடல், ஈட்டியால் விலா திறக்கப்பட்ட உடல் இதுவே என்று நற்கருணையை வணங்கும் பாடல். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போகிற நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல. வழியில் பறங்கிமலை இருக்கிறது. அந்த விலாவில் கையை இட்டாலன்றி நம்பமாட்டேன் என்ற தோமா, தாமும் ஈட்டியால் குத்துண்டு உயிர்விட்ட இடம் அதுவே என்பது நம் மரபு. எழுந்தேற்றத்தில் இன்றும் நாம் முணுமுணுப்பது அவர் சொன்னதைத்தான்.

பலர் இதற்கு இசையமைத்திருக்கிறார்கள். நாங்கள் பாடுவது மோட்சார்ட் அமைத்தது. 1791 ஜூன் 17 என்று அதில் தேதியிட்டிருக்கிறார். வியன்னாவுக்குத் தெற்கே பாடன் என்ற சிற்றூரில் பங்கின் பாடகர் குழுவை நடத்திவந்த பள்ளி ஆசிரியர் ஆன்டன் ஸ்டோல் அவருடைய நண்பர். அவருக்காக எழுதிக் கொடுத்தது இது. பெரிய நாடக இசை ஒன்றில் மூழ்கியிருந்த நேரம். ஆனாலும் ஒரு சிற்றூர்ப் பங்கு பாடக்கூடியதை எழுதினார். தனிக்குரல் ஜாலம் கிடையாது. பாடி முடிக்க மூன்று நான்கு நிமிடம். தொடக்கத்திலேயே ‘அடங்கிய குரலில்’ என்று குறிப்பு. ட்ரம்ஸ் இல்லாமல் பக்தி வராது என்று நினைக்கும் நம் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்!

அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மோட்சார்ட் இறந்தார். வயது 35. சாவை முன்னறிந்து எழுதினார் என்று கதை கட்ட வேண்டியதில்லை. ஆனால் பாடலின் கடைசி மன்றாட்டு சாவைப் பற்றியதுதான். மரணச் சோதனை வருமுன்பே உம்மைச் சுவைத்தவர்களாக நாங்கள் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அதுவரை பெரும்பாலும் சேர்ந்தே பாடியவர்கள் அங்கே பிரிகிறார்கள். பெண்குரல்கள் தொடங்க, ஆண்குரல்கள் சற்றுப் பின்னால் தொடர்கின்றன.

‘முன்பே’ என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் இதைப் பேச எடுத்தேன். நள்ளிரவில் தொலைபேசி வரும். “ஃபாதர், அப்பாவுக்கு ரொம்ப முடியல.” போய்ப் பார்த்தால் நினைவு தப்பியிருக்கும். நோயில்பூசுதல் கொடுப்பேன். நற்கருணையில் ஒரு துணுக்கைக்கூட விழுங்க அவரால் முடியாது. கொண்டுபோன சிமிழோடு திரும்புவேன். முன்னமே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், “சாமியாரைப் பார்த்தால் அப்பா பயந்துடுவாரே” என்பார்கள். பயப்படுவது பெரும்பாலும் அப்பா அல்ல, பிள்ளைகள். சாகும் தறுவாயில் தரும் நற்கருணையை வழியுணவு என்கிறோம். அதை அதிகம் தாமதிக்கக் கூடாது, நோயாளர் முழு நினைவோடு இருக்கும்போதே வழங்கக் கவனமாயிருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 922 சொல்கிறது.

வீட்டில் படுத்த படுக்கையாக யாரேனும் இருந்தால் உங்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முதல் வெள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பாடகர் குழுவினர் வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து பழகியிருக்கிறார்கள். அன்று மைக்கின் ஒலியைக் குறைத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். பின்வரிசையில் உட்காருபவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து அமருங்கள்.