பன்மை விகுதி ஒன்று பட்ட பாடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியதாக அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. அதங்கோட்டாசான் அவ்வவையில் குற்றம் நாடி வினவினார் என்றும், தொல்காப்பியர் விடை கூறித் தெளிவித்தார் என்றும் உரையாசிரியர் வழியாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஒரு நூல் எழுதப்படுவது வேறு, அது கற்கப்படும் நூலாக ஏற்கப்படுவது வேறு என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆனால் ஏற்றவர்கள் எவ்வாறு ஏற்றார்கள், தள்ளியவர்கள் எதனைத் தள்ளினார்கள் என்ற குறிப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. புறநானூற்றுக்கு 400 பாடல்களைத் தெரிந்தெடுத்தவர் பெயர் தெரியாது. அவர் ஒதுக்கிய பாடல்கள் எவை என்பதும், அவற்றுக்காக வாதாட ஒருவரேனும் இருந்தாரா என்பதும் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு நூற்பட்டியல் மாறிய கதை, தேதியோடும் வாக்கெண்ணிக்கையோடும் பதிவாகியிருக்கிறது. அது நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். முடிவு செய்த அவை அங்குள்ள ஆசிரியர் செனட்.

செனட் என்ற சொல் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளுக்குப் பழக்கமானது. எனினும் இங்குப் பழகிய செனட்டும் அமெரிக்க ஆசிரியர் செனட்டும் ஒன்றல்ல. இந்தியப் பல்கலைக்கழகங்களின் செனட்டில் பல தரப்புப் பிரதிநிதிகள் அமர்வர். பாடத்திட்டத்தை ஆராயும் பணி பாடத்திட்டக் குழுவுக்கும் அதற்கு மேலுள்ள கல்விக் குழுவுக்கும் உரியது. அமெரிக்க ஆசிரியர் செனட் என்பது கற்பிப்போர் தம்முள் தேர்ந்தெடுத்து அனுப்பும் அவை. எதனைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்க்கே உரியது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் பிற கல்வி அமைப்புகளுடன் சேர்ந்து உருவாக்கிய 1966ஆம் ஆண்டு அறிக்கை அறுதியிட்டது. ஸ்டான்ஃபோர்டின் செனட் 1968இல் தோன்றியது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர் உறுப்பினர். மாணவர் பிரதிநிதிகள் வந்து பேசலாம், வாக்கு இல்லை.

ஒரு புதிய பாடம் இத்தகைய அவையை அடைவதற்குள் பல வாயில்களைக் கடக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் ஒரு பாடத்தை எண்ணுகிறார்; பெயர், நோக்கம், வாராந்தர வாசிப்பு, தேர்வுமுறை ஆகியவற்றை எழுதித் துறையில் வைக்கிறார். துறை ஏற்றால் அது கல்லூரி அளவிலான குழுவுக்குச் செல்கிறது. பிறகு பல்கலைக்கழகம் முழுமைக்குமான குழு. அதன் பின்னரே, தேவையிருப்பின், செனட். நிறுவனத்துக்கு நிறுவனம் படிகள் கூடும், குறையும், கேள்விகள் மாறுவதில்லை. இதனைப் போன்ற பாடம் வேறு துறையில் முன்பே நடக்கிறதா? இதற்கு முன் மாணவர் எதனைப் படித்திருக்க வேண்டும்? நூலகத்தில் நூல்கள் உள்ளனவா? முன்மொழிந்தவர் அடுத்த ஆண்டு விடுப்பில் சென்றால் யார் கற்பிப்பார்?

கடைசிக் கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றும். நல்ல பாடங்கள் பலவற்றுக்கு முடிவு கட்டுவது அதுவே. ஒரு மனிதரின் ஆர்வத்தில் பிறந்து, அவர் ஓய்வு பெற்றவுடன் மறையும் பாடத்துக்காக ஒரு பட்டப்படிப்பின் அமைப்பையே மாற்றக் குழுக்கள் தயங்குகின்றன. முதற்கேள்வியோ வரப்புத் தகராறுக்கு வழி கோலுவது. நாடகம் ஆங்கிலத் துறைக்குரியதா அரங்கத் துறைக்குரியதா என்று இரு துறைகள் மோதிக்கொண்டால், இடையில் நசுங்குவது நாடகம்தான்.

பெரும்பாலான மாற்றங்கள் விவாதமின்றியே நிறைவேறுகின்றன. குழுக்கள் ஒருமனதாக அனுப்பியவற்றை ஒரே பட்டியலாகக் கட்டி, ஒரே தீர்மானத்தில் ஏற்றுக்கொள்வது பல செனட்டுகளின் வழக்கம். உறுப்பினர் ஒருவர் எழுந்து, இந்த ஒன்றைத் தனியே எடுத்துப் பேச வேண்டும் என்றால், அது பட்டியலிலிருந்து பிரிந்து விவாதத்துக்கு வரும். எவரும் எழவில்லையெனில் முப்பது நாற்பது பாடங்கள் ஒரு நிமிடத்தில் தோன்றும் அல்லது மறையும். ஒரு கவிஞரின் தொகுதி பாடத்திலிருந்து நீங்குவதும் பெரும்பாலும் இவ்வாறுதான். எவரும் அதனை எதிர்த்திருக்க மாட்டார். எவரும் கவனித்தும் இருக்க மாட்டார்.

ஸ்டான்ஃபோர்டில் ஒரு பட்டியல் கவனிக்கப்பட்டது. அதன் முன்வரலாறு சுருக்கமானது. 1935 முதல் அங்கு மேலை நாகரிக வரலாறு என்ற பாடம் முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் கட்டாயமாக இருந்தது. 1960களின் இறுதியில், கட்டாயம் என்ற சொல்லே கசந்த காலத்தில், அது கைவிடப்பட்டது. 1980இல் மேலைப் பண்பாடு என்ற புதிய பெயருடன் ஓராண்டுக் கட்டாயப் பாடம் மறுபடியும் வந்தது. எட்டுப் பிரிவுகளாக அது நடந்தது. மாணவர் விரும்பிய பிரிவில் சேரலாம். ஆனால் எப்பிரிவாயினும் 15 நூல்கள் அல்லது ஆசிரியர்கள் கொண்ட ஒரு மூலப்பட்டியலைப் படித்தாக வேண்டும். ஹோமர், பிளேட்டோ, ஒரு கிரேக்கத் துன்பியல் நாடகம், பைபிளின் இரு ஏற்பாடுகள், அகஸ்டின், தாந்தே, தாமஸ் மோர், மாக்கியவெல்லி, லூதர், கலீலியோ, வால்டேர், டார்வின், மார்க்ஸ், ஃபிராய்டு எனச் செல்லும் பட்டியல் அது. தனித்தனியே நோக்கின் இவற்றுள் எதனையும் தள்ளுவதற்கில்லை. ஒருசேர நோக்கினால், பெண் ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஐரோப்பாவின் கரையைத் தாண்டிய நூல், பைபிளை விடுத்தால், ஏறத்தாழ இல்லை.

கறுப்பின மாணவரும் பிற சிறுபான்மையினரும் இதனை எடுத்துக் காட்டினர். தம்மை நோக்கிப் பேசாத நூல்களை, மனிதகுலம் முழுவதன் குரல் என்று கற்பது தம் உள்ளத்தை நசுக்குகிறது என்பது அவர்தம் முறையீடு. 1986இல் வரலாற்றுப் பேராசிரியர் பால் சீவர் தலைமையில் ஆய்வுக் குழு ஒன்று அமைந்தது. 1987 ஜனவரியில் ஜெஸ்ஸி ஜாக்சன் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தபோது சுமார் 500 பேர் ஊர்வலம் சென்றனர். மேலைப் பண்பாடு ஒழிக என்ற பொருள்பட அவர்கள் எழுப்பிய முழக்கம் நாடெங்கும் செய்தியாயிற்று. ஒழியச் சொன்னது ஒரு பாடத்தின் பெயரை. செய்தி படித்தவர்கள் ஒரு நாகரிகத்தையே ஒழிக்கச் சொன்னதாகக் கொண்டனர். பெயர்ச்சொல் ஒன்று இத்தனை துன்பம் விளைவித்தது அரிது.

குழுவின் பரிந்துரை இளநிலைப் படிப்புக்கான குழு வழியாகச் செனட்டுக்கு வந்தது. 1988இன் தொடக்க மாதங்களில் அமர்வுக்கு அமர்வு விவாதம் நீண்டது. பொதுவான மூலப்பட்டியல் இல்லையேல் ஓராண்டு மாணவர் அனைவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளப் பொதுப்பொருள் இராது என்பது ஒரு கட்சி. இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. உணவு விடுதியில் இருவர் ஒரே நூலைப் பற்றிச் சண்டையிடுவது வகுப்பறையில் கிடைக்காத கல்வி. பொதுப்பொருளை யார் வகுப்பது, ஒருமுறை வகுத்தால் என்றைக்குமா என்பது மறுகட்சி. இதுவும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

1988 மார்ச் 31ஆம் நாள், வியாழக்கிழமை, செனட் வாக்களித்தது. மாற்றத்துக்கு ஆதரவு 39, எதிர்ப்பு 4.

ஏற்கப்பட்ட தீர்மானத்தைக் கவிஞர்கள் சொல் சொல்லாக நோக்குதல் தகும். மேலைப் பண்பாடு என்ற பெயர் போய், பண்பாடுகள், கருத்துகள், விழுமியங்கள் என்ற பெயர் வந்தது. மேலை என்ற அடைமொழி நீங்கியதைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. உண்மையில் பெரிய மாற்றம் பண்பாடு என்பது பண்பாடுகள் ஆனது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, தமிழில் ஒரு விகுதி. அடைமொழியை மட்டும் நீக்கி ஒருமையை விட்டிருந்தால், மேலைப் பண்பாடே பண்பாடு என்ற பழைய எண்ணம் முன்னிலும் வலுவாக நின்றிருக்கும். விகுதி அதனைத் தடுத்தது. ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வாதாடிப் பெற்றது இந்த விகுதியை எனினும் பிழையில்லை.

பட்டியலைப் பொறுத்தவரை அவை செய்தது சாமர்த்தியமான சமரசம். நிலையான 15 என்ற எண்ணிக்கை போயிற்று. ஆயினும் பொதுப்பொருள் முற்றிலும் போகவில்லை. எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான கூறுகள் எவை என்பதை, அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களே ஆண்டுதோறும் கூடி முடிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. பெண்கள், சிறுபான்மையினர் ஆகியோரின் படைப்புகள் இடம்பெற வேண்டும். ஐரோப்பியமல்லாத ஒரு பண்பாடேனும் கற்பிக்கப்பட வேண்டும். இனம், பால், வர்க்கம் என்பவற்றைப் பாடம் கருத்தில் கொள்ள வேண்டும். இவை நிபந்தனைகள். ஆண்டுதோறும் முடிவு செய்க என்றது பொறுப்பைத் தட்டிக் கழித்ததாகச் சிலர் குறை கூறினர். அக்குறையில் உண்மை உண்டு. கடினமான கேள்விக்கு விடை கூறாமல், அதனை ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் கடமையை வேறொரு கூட்டத்திடம் அவை ஒப்படைத்தது. ஆயினும் அந்தக் கூட்டம், அடுத்த ஆண்டு வகுப்பறையில் நின்று அந்நூல்களைக் கற்பிக்க வேண்டியவர்களின் கூட்டம். தேர்ந்தெடுத்தவரே கற்பிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, ஆர்ப்பாட்டத்துக்காகத் தேர்ந்தெடுப்பதைப் பெரிதும் அடக்கிவிடும்.

வாக்கெடுப்புக்கு மூன்று வாரங்களுக்குள், ஏப்ரல் 18இல், அமெரிக்கக் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட் ஸ்டான்ஃபோர்டுக்கே வந்து பேசினார். மிரட்டலுக்குப் பல்கலைக்கழகம் பணிந்துவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. பல்கலைக்கழகத் தலைவர் டொனால்ட் கென்னடி தொலைக்காட்சியில் அவருக்கு மறுமொழி கூறினார். ஊர்வலத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே 14 மாதங்கள் கழிந்திருந்தன. மிரட்டலுக்குப் பணிவோர் துணைக்குழு அமைத்து, வரைவு எழுதி, திருத்தம் விவாதித்து, ஓராண்டுக்கு மேல் காத்திருப்பது வழக்கமன்று. ஊர்வலம் கேள்வியை எழுப்பியது. விடையைக் குழுவறையில்தான் எழுத வேண்டியிருந்தது.

மாற்றம் வந்த பின் வகுப்பறையில் என்ன நடந்தது என்பது இன்னும் சுவையானது. எட்டுப் பிரிவுகளில் பெரும்பாலானவை பழைய ஆசிரியர்களைத் தொடர்ந்து கற்பித்தன. புதியவர்கள் பக்கத்தில் சேர்ந்தனர். பெரிதும் மாறியது 1988-89இல் தொடங்கிய ஐரோப்பாவும் அமெரிக்காக்களும் என்ற ஒரே பிரிவு. குவாத்தமாலாவின் பழங்குடிப் பெண் ரிகோபெர்த்தா மென்சூவின் தன்வரலாறு அதில் இடம்பெற்றது. 1991இல் தினேஷ் டிசூசா எழுதிய நூலில் அந்த ஒரு பிரிவும் அந்த ஒரு நூலும் முழு மாற்றத்தின் அடையாளமாகக் காட்டப்பட்டன. பிளேட்டோ வெளியேற்றப்பட்டார் என்று நம்பியவர்கள் பலர். பிளேட்டோவோ தம் இருக்கையிலேயே இருந்தார்.

எந்த விகுதிக்காக இத்தனை போராட்டமோ அந்தப் பாடமும் நிலைக்கவில்லை. 1997இல் மானுடவியற் கல்விக்கான அறிமுகப் பாடம் அதன் இடத்தைப் பிடித்தது. 2012இல் அதுவும் மாற்றப்பட்டது. 2020இல் செனட் முதலாண்டுக்கு மற்றுமொரு திட்டத்தை ஏற்றது. 2016இல் மேலை நாகரிகப் பாடத்தைத் திரும்பக் கொணர வேண்டும் என்ற கோரிக்கை மாணவர் வாக்கெடுப்புக்கு வந்து, பெரும்பான்மையால் மறுக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பல்கலைக்கழகம் தன் முதலாண்டு மாணவனுக்கு எதனைக் கொடுப்பது என்று புதிதாக யோசிக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் ஊர்வலம் நடந்த அதே 1987இல், தமிழ்க் கவிஞர்க்கு நெருக்கமான ஒருவர் அமெரிக்காவில் ஒரு கருத்தரங்கக் கட்டுரை அளித்தார். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்த ஏ.கே. ராமானுஜனே அவர். முந்நூறு ராமாயணங்கள் பற்றிய அக்கட்டுரை 1991இல் நூலில் வெளிவந்தது. அகலிகை கதையை வான்மீகியும் கம்பரும் சொல்லும் முறைகளை அருகருகே வைத்து அது ஒப்பிடுகிறது. அதுவும் ஒரு பன்மை விகுதியைப் பற்றிய கட்டுரைதான்: ராமாயணம் அன்று, ராமாயணங்கள்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பட்டப்படிப்பில் அக்கட்டுரை பாடமாக இருந்தது. 2008இல் அதனை எதிர்த்தோர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து சேதம் விளைவித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, வல்லுநர் நால்வர் கொண்ட குழுவின் கருத்துக் கேட்கப்பட்டது. மூவர் கட்டுரை இருக்கலாம் என்றனர். 2011 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு கூடியது. அங்கும் பொருள் நிரல் இருந்தது, உறுப்பினர் இருந்தனர், விதிகள் இருந்தன. இல்லாதது ஒன்றே. அக்கட்டுரையைக் கற்பித்த வரலாற்றுத் துறையின் விருப்பத்துக்கு, ஸ்டான்ஃபோர்டில் கற்பிப்போர்க்குக் கிடைத்த எடை அங்குக் கிடைக்கவில்லை. கட்டுரை பாடத்திலிருந்து நீக்கப்பட்டது. உறுப்பினர் ஒன்பதின்மர் எழுந்து மறுப்புத் தெரிவித்தனர். கம்பரின் அகலிகை அந்த வகுப்பறையிலிருந்து சென்றது அந்த ஒன்பதின்மர் பார்த்திருக்கத்தான்.