தலைமைக்கு முன் தன் வளர்ச்சி
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், 1766-இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார். தமிழோடு பாரசீகம், மராத்தி மொழிகளையும் பயின்றார், எளிமையாக வாழ்ந்தார். 1779-இல் சென்னை ஆங்கில அரசு அவரை மைசூர் ஐதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பியது. சமாதானம் நிலைக்கவில்லை. ஆயினும் மறு ஆண்டு போர் மூண்டபோது, அவரைத் தடுக்கலாகாது என்று ஐதர் தம் படையினருக்குக் கட்டளையிட்டார். பதவி தராத மதிப்பை அவருடைய வாழ்வு தந்தது.

எங்கள் வார்டுகளிலும் அப்படியே. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி நள்ளிரவில் பிரசவ வேதனையோடு ஒரு தாய் வருகிறாள். பயிற்சி நர்ஸ் அப்போது சுற்றறிக்கையைப் பார்ப்பதில்லை; பொறுப்பு நர்ஸின் பொறுமையையே பார்க்கிறாள். அந்தப் பொறுமையில் அனுதினமும் வளர, எங்கள் பொறுப்பாளர்களை ஜெபத்தில் தாங்குங்கள்.