துடிப்பில் தளை தட்டினால்



முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். மாணவர் செய்யுளில் தளை தட்டினால் என் செவி உடனே கண்டுகொள்ளும். என் நெஞ்சில் தளை தட்டியதை மட்டும் நெடுநாள் அறியாதிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், சாணார்பட்டியில் என் இல்லத்தில் இருந்தபோது படபடப்பும் தலைச்சுற்றலும் வந்தன. நத்தம் சாலை வழியே திண்டுக்கல் சென்று இ.சி.ஜி. எடுப்பதற்குள் படபடப்பு நின்றுவிட்டது. படத்தில் குறையில்லை. "பித்தமாக இருக்கும்" என்று வீட்டார் தேற்றினர். மீண்டும் இருமுறை வந்த பின்னரே, 24 மணி நேரத் துடிப்பையும் பதியும் ஹோல்டர் கருவியை மருத்துவர் என் மார்பில் பொருத்தினார். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் ஒழுங்கற்ற துடிப்பு அதில் அகப்பட்டது. வழக்கமான இ.சி.ஜி. ஏறத்தாழப் பத்து நொடித் துடிப்பையே காட்டும். வந்து மறையும் கோளாறு அதற்குத் தப்பிவிடக்கூடும்.

இக்கருவியை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அது தரும் தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடியைக் குறிக்கும். சீரான துடிப்பாயின், அடுத்தடுத்த இரு உயர்ந்த முனைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300-ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். என் தாளிலோ இடைவெளிகள் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொரு முனைக்கும் முன் எழவேண்டிய சிறிய 'பி' அலையும் இல்லை.

இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குவதால் குருதி தேங்கி உறைகிறது. அவ்வுறைகட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். இந்நோயுடையோர்க்கு அவ்வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. எனவே குருதி உறையாதிருக்க எனக்கு மாத்திரை தந்தனர்.

இங்கே என் பிழையையும் சொல்லியாக வேண்டும். உபவாச நாள்களில் அம்மாத்திரையை விட்டுவிட்டேன். இவ்வகை மாத்திரை சிலவற்றின் காப்பு ஒரே நாளில் குறைந்துவிடும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். நீரும் விலக்கும் நோன்பில் உடலின் உப்புச்சத்து மாறித் துடிப்பு பிறழலாம் என்றும் எச்சரித்தார். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கத்தைக் கூறியதும், அதற்கேற்ப வேளையை அவரே அமைத்துத் தந்தார். கேட்டிருந்தால் முன்பே தந்திருப்பார்; நான் கேட்கவில்லை.

நோன்பேற்கும் முதியோர் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். அவ்வப்போது மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். பழைய இ.சி.ஜி. தாள்களை எறியாது கோப்பில் சேர்த்து வையுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணுதல் ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

எறும்புக்கும் இரங்கும் நாம், நம் உடலில் உறையும் உயிர்க்கும் இரங்குவோமாக.