கல்லானவளின் மறுப்பு

தமிழ் இலக்கியத்தில் கலகக்காரர் வெளியிலிருந்து வருவது குறைவு. அதுவரை அடங்கி நடந்தவரே ஒரு கட்டத்தில் நின்று மறுக்கிறார். சிலப்பதிகாரத்துக் கண்ணகி இதற்கு மூத்த சான்று. கணவன் கோவலன் மாதவியிடம் போனபோது அவள் தடுக்கவில்லை. திரும்பி வந்தபோதும் குறைசொல்லாமல் சிலம்பைக் கொடுத்தாள். அப்படிப் பொறுத்தவள்தான், கோவலன் கொல்லப்பட்டதும், பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து வழக்காடுகிறாள். மதுரையை எரிக்கும் நேரத்திலும் அறவோரை, முதியவரை, குழந்தைகளைத் தீண்டாதே என்று தீக்கடவுளிடம் சொல்கிறாள். சினத்தின் உச்சியிலும் மரபு அவளுக்குள்தான் இருக்கிறது. இன்று உரக்கப் பேசும் பாத்திரம் ஒன்று இருந்தாலே அந்த நூலுக்குக் கலக இலக்கியம் என்ற பெயர் வந்துவிடுகிறது. உரக்கப் பேசுவது வேறு, மறுப்பது வேறு.

இந்த வேறுபாட்டை எல்லோரையும்விடக் கூர்மையாகக் கண்டவர் புதுமைப்பித்தன்; கண்ட இடம், 1943இல் வெளிவந்த 'சாபவிமோசனம்'. இந்திரனால் கணவன் கோதமனின் சாபத்துக்கு ஆளான அகலிகையின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணிலும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பரில்தான் கல்லாகிறாள், இராமனின் கால்துகள் பட்டு எழுகிறாள். அந்தக் கல் இல்லாவிட்டால் புதுமைப்பித்தன் கதையும் இல்லை.

அவர் கதை தொடங்குவது சாபம் நீங்கும் இடத்தில். பழைய கதை சுபமாக முடிந்த பிறகு அந்தப் பெண் எப்படி வாழ்ந்தாள் என்பதுதான் அவருக்குக் கேள்வி. கோதமன் கனிவானவன், தன் தர்மத்தையே மறுபடி எண்ணிப் பார்ப்பவன். அப்படியிருந்தும் அகலிகையால் இயல்பாகப் பேச முடியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுகிறாள். எதிர்ப்படும் ஆணெல்லாம் இந்திரனோ என்று அஞ்சுகிறாள். ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டதும் ஒதுங்குகிறார்கள். மன்னிப்பு கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. இதை வாதமாகச் சொல்லாமல் அன்றாடத்தின் சிறு நடுக்கங்களாகக் காட்டியதில்தான் அவருடைய கைத்திறன் இருக்கிறது.

அவளுக்கு இருக்கும் ஒரே பிடிப்பு இராமன். அவன் கால் பட்டு எழுந்தவள் அவள். வனவாசம் முடிந்து இராமனும் சீதையும் குடிலுக்கு வருகிறார்கள். ஆண்கள் வெளியே போன பிறகு, தீக்குளித்த செய்தியைச் சீதை சொல்கிறாள். அவனா அப்படிக் கேட்டான் என்று அகலிகை கேட்கிறாள். தனக்கு ஒரு நீதி, இராமனுக்கு ஒரு நீதியா என்று அவளுக்குப் படுகிறது. அந்த இடத்தில் ஆசிரியர் கண்ணகியின் வெறியை நினைவுபடுத்துகிறார். ஆனால் அகலிகை எந்த ஊரையும் எரிக்கவில்லை. கோதமன் தழுவும்போது அவன் கைகளில் இருப்பது கல். துறவியாக அவன் கயிலையை நோக்கிப் போகிறான்.

முதல் முறை கல்லானது கணவனின் சாபத்தால். இரண்டாம் முறை கல்லானது அவளால். அதே கல்தான், அன்று தண்டனை, இன்று மறுப்பு. கொடுக்கப்பட்ட தண்டனையையே எடுத்துத் தன் பதிலாக வைக்கும் இந்தத் திருப்பத்துக்கு ஈடான ஒன்றைத் தமிழ்ச் சிறுகதையில் தேடிப் பிடிப்பது கடினம். இராமாயணம் படித்தவர்களுக்குக் கதை விளங்காமலும் பிடிக்காமலும் போகலாம் என்று புதுமைப்பித்தன் தொடக்கத்திலேயே எழுதினார். அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்றும் எழுதினார்.

ஜெயகாந்தன் இதே கேள்வியை நகரத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேச'த்தில், மழையில் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பல வாசகர்களால் அதை ஏற்க முடியவில்லை. தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் எழுதினார். 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலில் பாத்திரங்கள் நிறைய விவாதிக்கிறார்கள். புதுமைப்பித்தன் ஒரு கேள்வியில் முடித்ததற்கு இங்கே பல பக்கங்கள் ஆகின்றன. இருந்தாலும் நாவலின் நாயகி கங்கா அகலிகை வழியில் வந்தவள்தான். கெட்டுப்போனவள் என்று உறவும் ஊரும் ஒதுக்கிய பிறகு, எந்த ஆணின் பெயரால் ஒதுக்கினார்களோ அந்தப் பிரபுவைத் தானே தேடிப் போய், அவனோடு வெளிப்படையாகப் பழகுகிறாள்.